தண்ணிதான் முதல் பரீட்சை: ட்ரையத்லானுக்குப் பேர் கொடுக்கிற தங்கச்சிக்கு

தங்கச்சி, ஸ்பிரின்ட் ட்ரையத்லான் போகப்போறேன்னு நீ சொன்னதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. வீட்டுல மத்தவங்களுக்குத்தான் அது என்னன்னு புரியல. பெரியம்மா, "மாரத்தான்தானே?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு இப்படிச் சொல்லிப் புரியவை: 750 மீட்டர் நீச்சல், அந்த ஈரத்தோடயே 20 கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிளைக் கம்பியில மாட்டிட்டு 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவுல கடிகாரம் நிக்காது. ஷூ மாட்டுற நேரம், தண்ணி குடிக்கிற நேரம் எல்லாமே கணக்குல சேரும். முதல் தடவை போறவங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகும். ஒலிம்பிக் தூரம் இதுக்கு அப்படியே ரெண்டு மடங்கு. 2000 சிட்னி ஒலிம்பிக்லதான் ட்ரையத்லானை முதல்ல சேர்த்தாங்க. 2019-ல கோவாவுல தொடங்கின அயர்ன்மேன் 70.3 இருக்கே, அதுல நீச்சல் 1.9, சைக்கிள் 90, ஓட்டம் 21.1 கிலோமீட்டர். யூடியூப்ல அதைப் பார்த்துட்டு இப்பவே தூக்கத்தைக் கெடுத்துக்காதே.

இதுல பாதிக்கு மேல உன் கைவசம் ஏற்கெனவே இருக்கு. நம்ம பழையசீவரத்துலேர்ந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ரேஸோட சைக்கிள் தூரமும் அதேதான். மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாளே பார்வேட்டைக்கு அவ்வளவு தூரம் நம்ம மலைக்கு வர்றார். நீ பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள்ல வாலாஜாபாத்துக்கு டியூஷன் போயிட்டு வந்தவ. 5 கிலோமீட்டர் ஓட்டமும், நடுநடுவுல நடந்தாவது, முடிஞ்சிடும். மிச்சம் இருக்குறது தண்ணி. பழகுற நேரத்துல பாதியை அதுக்கு ஒதுக்கு. சைக்கிள் நல்லா வருதுன்னு அதையே மிதிச்சுக்கிட்டு இருக்காதே. வர்றதையே திரும்பத் திரும்பப் பண்றதும் ஒரு வகைச் சோம்பேறித்தனம்தான்.

கிணத்து நீச்சல் வேற, இது வேற

முதுகுல பிளாஸ்டிக் கேன் கட்டிக்கிட்டு மாமா கிணத்துல கத்துக்கிட்டது உசுரைக் காப்பாத்துற நீச்சல். தண்ணி பயம் போனதே அதுலதான், அது பெரிய சொத்து. ஆனா அந்த நீச்சல்ல தலை எப்பவும் தண்ணிக்கு மேலயே நிக்கும். தலை ஏறினா இடுப்பும் காலும் இறங்கும். அப்புறம் கையைப் போடுற பலமெல்லாம் முன்னால போறதுக்கு இல்லாம, மூழ்காம இருக்குறதுக்கே செலவாகும். கிணத்துல பத்துக் கை போட்டா எதிர்ச் சுவர் வந்துடும். படியைப் பிடிச்சு மூச்சு வாங்கிக்கலாம். ரேஸ்ல பிடிக்கப் படி கிடையாது.

அதனால முதல் வாரம் கையும் வேண்டாம், காலும் வேண்டாம். இடுப்பளவு தண்ணியில நின்னு, முகத்தை உள்ள வெச்சு, மூக்கும் வாயும் சேர்ந்து மூச்சை நிதானமா வெளிய விடு. முழுக்க விட்டப்புறம் முகத்தைப் பக்கவாட்டுல திருப்பி இழு. திரும்ப உள்ள. இதை அலுத்துப்போற வரைக்கும் பண்ணு. புதுசா பழகுறவங்க திணறுறது பெரும்பாலும் காத்து உள்ள போகாததால இல்ல, வெளிய விடாததால. அடைச்சு வெச்ச மூச்சுல கரியமில வாயு சேரச் சேர, உடம்பு "மூச்சு, மூச்சு"ன்னு கத்த ஆரம்பிச்சிடும். தண்ணிக்குள்ளயே விட்டுப் பழகிட்டா, மேல வரும்போது இழுக்குற வேலை மட்டும்தான்.

அது வந்ததும் கை. பார்வை நேரா தரையைப் பார்க்கணும். மூச்சுக்குத் திரும்பும்போது தலையைத் தூக்காதே, உருட்டு. நீச்சல் கண்ணாடியில ஒரு பக்கம் தண்ணிக்குள்ளயே இருக்கணும். 25 மீட்டர் போ, நில்லு, மூச்சு சமமானதும் திரும்பு. வாரம் ஏற ஏற நிக்கிற நேரத்தைக் குறை. 50 மீட்டர் குளத்துல 15 தடவை போனா 750. 25 மீட்டர் குளம்னா 30. ரேஸுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நிக்காம 1,000 மீட்டர் போயிருக்கணும். வேகம் எனக்கு வேண்டாம். முடிச்சு ஏறும்போது நீ பேசுற நிலையில இருக்கணும், அவ்வளவுதான்.

குளம் எங்கன்னு கேட்பே. சனி ஞாயிறு சென்னையில என் ரூமுக்கு வந்துடு. 1995 தெற்காசியப் போட்டிக்காக வேளச்சேரியில கட்டின நீச்சல் வளாகம் இருக்கு, 50 மீட்டர் குளம். எத்தனை மணி பேட்ச்ல பெண்கள் அதிகமா வர்றாங்கன்னு கேட்டுட்டுச் சேரு. கோச் கண்ணுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நீந்தினா கை கால் ஒழுங்காகிடும். வாரத்து நடுவுல ஒரு நாள் மாமா கிணறு போதும். வடகிழக்குப் பருவமழை நல்லா பெய்ஞ்சா மார்கழி, தையில கிணறு நிறைஞ்சிருக்கும். பழகுறதுக்கு அதுதான் காலம். ஆனா ஒரு கண்டிஷன்: எவ்வளவு நல்லா நீந்தினாலும் தனியா இறங்கக் கூடாது. மேல ஒருத்தர் நிக்கணும், கையில கயிறு, கயித்து நுனியில காத்தடிச்ச டியூப்.

பாலாத்துத் தடுப்பணைப் பக்கம் மட்டும் போகவே போகாதே. தண்ணி நிக்கும்போது பார்க்க ஆசையாத்தான் இருக்கும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேருற இடம். மேல அமைதியா இருக்கும், அடியில மணல் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. முழங்கால் ஆழத்துல நடந்துக்கிட்டே இருப்பே, அடுத்த அடியில ஆள் ஆழம். அணையைத் தாண்டி விழுற இடம் இன்னும் மோசம். விழுற தண்ணி சுழன்று திரும்ப அணைப் பக்கமே இழுக்கும், நல்ல நீச்சல்காரனும் வெளிய வர முடியாது.

ரேஸ் நடக்குறது ஏரியிலயோ கடல்லயோ இருந்தா, குளத்துல இல்லாத ரெண்டு விஷயம் வரும். தரையில கோடு கிடையாது, அதனால நேரா போக முடியாது. ஆறேழு கை போட்டதும் முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல எடுத்து, ஆரஞ்சு மிதவை எங்கன்னு பார்த்துட்டுத் திரும்ப முகத்தை இறக்கு. ரெண்டாவது, கூட்டம். விசில் அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல பாய்வாங்க. கையும் காலும் மேல படும், கண்ணாடி கழண்டாலும் கழலும். நீ பின் வரிசையில, ஓரமா நில்லு. பத்து எண்ணிட்டு இறங்கு. நடுவுல நெஞ்சு படபடன்னு அடிச்சா மல்லாந்து மித, வானத்தைப் பாரு, மூச்சை நீளமா விடு. எந்த நீச்சல் வேணும்னாலும் அடிக்கலாம், தவளை நீச்சலுக்கும் தடை இல்ல. காவலுக்கு நிக்கிற படகைப் பிடிச்சு ஓய்வெடுக்கறதும் விதிப்படி சரிதான். அதைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நகரக் கூடாது, அவ்வளவுதான். குளிருக்குப் போடுற வெட்சூட் வாங்கணுமான்னு கேட்டிருந்தே. நம்மள மாதிரி சாதாரணப் போட்டியாளர்களுக்கு இந்தத் தூரத்துல 22 டிகிரிக்கு மேல தண்ணி இருந்தாலே அதுக்கு அனுமதி இல்ல. நம்ம ஊர்த் தண்ணி என்னைக்கு 22-க்கு இறங்கியிருக்கு?

நீச்சல் ஏன் முதல்ல வருதுன்னா, அது பாதுகாப்புக்காக. 1974 செப்டம்பர்ல அமெரிக்காவுல சான் டியேகோ மிஷன் பேயில ட்ரையத்லான்னு பேர் வெச்சு முதல் முதல்ல நடத்தினப்போ ஓட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் தொடங்கினதால கடைசியா வந்தவங்க தண்ணியில இருக்கும்போதே இருட்டிப்போய், கரையிலேர்ந்து கார் ஹெட்லைட் போட்டு வெளிச்சம் காட்டினாங்களாம். களைச்ச உடம்போட தண்ணியில இறங்குறது எவ்வளவு ஆபத்துன்னு அப்புறம் நடத்தினவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு.

உடுப்பு விஷயம் அம்மாவுக்குக் கவலை, எனக்குத் தெரியும். முழங்கால் வரைக்கும், கையும் மூடின நீச்சல் உடை கிடைக்குது; ட்ரை சூட்னு கேட்டா மூணுக்கும் அதையே போட்டுக்கலாம். நடுவுல மாத்த வேண்டியதே இல்ல. மேல ஒரு பனியன் இழுத்துக்கணும்னு தோணினா இழுத்துக்கோ. காட்டன் சுடிதாரோட மட்டும் இறங்காதே, நனைஞ்சா அதுவே உன்னைக் கீழ இழுக்கும். அம்மா இன்னும் மறுத்தாங்கன்னா குற்றாலீஸ்வரனை ஞாபகப்படுத்து. 1994-ல ஒரே வருஷத்துல ஆறு கடல் கால்வாயை நீந்தின பையன்; அப்ப பேப்பர் பேப்பரா படிச்சவங்கதான் அவங்க. பொண்ணுங்க கதை வேணும்னா அனு வைத்யநாதன்னு ஒருத்தர் இருக்காங்க. 2009-ல கனடாவுல அல்ட்ராமேன் முடிச்ச முதல் ஆசியப் பெண். மூணு நாள்ல 10 கிலோமீட்டர் நீச்சல், 420 சைக்கிள், 84 ஓட்டம். நீ கேட்குறது அதுல ஒரு ஓரம்.

டிப்பர் லாரிக்கு முன்னாடி எழுந்திரு

சைக்கிளுக்குப் புதுசா காசு போடாதே. கண்ணாடி, நீச்சல் தொப்பி, ஹெல்மெட், இந்த மூணுக்கு மட்டும் செலவு பண்ணு. உன் பழைய வண்டியே போதும். முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாத்தையும் கழட்டச் சொல்லு, கணிசமா எடை குறையும். ஹேண்டில்பார் ரெண்டு நுனியிலயும் மூடி இருக்கணும். திறந்த குழாயா இருந்தா ரேஸ் காலையில சோதனையிலயே நிறுத்திடுவாங்க. பிரேக்கும் பார்ப்பாங்க. சீட் உயரத்துக்கு எளிய அளவு: பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வெச்சா முழங்கால் நேரா இருக்கணும். நம்ம ஊர்ல பாதிப்பேர் சீட்டை இறக்கி வெச்சு மிதிச்சுத்தான் முட்டி வலின்னு உட்கார்றாங்க. டயர்ல எவ்வளவு காத்துன்னு டயர் பக்கவாட்டுலயே எழுதியிருக்கும்.

திருமுக்கூடல் பாலத்துப் பக்கம் வேண்டாம். அந்தக் கரையில இருக்குற கல் குவாரியிலேர்ந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு டிப்பருங்க வரிசையா வரும். தூசியில உன்னை டிரைவருக்குத் தெரியவே தெரியாது. விடியும்போது காஞ்சிபுரம் ரோடு, அதுவும் கண்ணு தெரியுற வெளிச்சம் வந்தப்புறம். பின்னாடி சிவப்பு விளக்கு மினுக்கணும், சட்டை பளிச்சுன்னு இருக்கணும். துப்பட்டா வேண்டவே வேண்டாம், செயின்ல மாட்டினா கழுத்துக்கு ஆபத்து. காதுல இயர்போன் வேண்டாம். ரேஸ்லயும் அதுக்குத் தடை. இன்னொரு தடை, முன்னாடி போறவங்க முதுகுக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டுக் காத்து படாம போறது. பெரும்பாலான போட்டியில 10 மீட்டர் தள்ளித்தான் வரணும், தாண்டுறதுன்னா சட்டுன்னு தாண்டிடணும். சைக்கிள்லயே தண்ணி எடுத்துக் குடிச்சுப் பழகு. ஒரு கையை விடத் தெரியாம ஒரு மணி நேரம் வறண்ட வாயோட மிதிச்சவங்க ஓட்டத்துல சுருண்டுடுவாங்க.

ஓட்டத்துக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்ல. போலீஸ் தேர்வுக்கு 400 மீட்டர் ஓடிப் பழகுற பொண்ணுங்க விடியக்காலையில கிரவுண்டுக்கு வருவாங்களே, அவங்களோட சேர்ந்துக்கோ. துணையும் ஆச்சு, நாய்த் தொல்லையும் குறையும். அவங்க வேகத்துக்கு ஓடாதே, பேசிக்கிட்டே ஓட முடியுற வேகம்தான் உன் வேகம். ஆனா ஒரு பழக்கம் விட்டுடக் கூடாது: வாரத்துக்கு ஒரு தடவை சைக்கிள்லேர்ந்து இறங்கின உடனே, உட்காராம, பத்து நிமிஷம் ஓடு. இதுக்கு பிரிக்னு பேர். முதல் தடவை கால் யாரோடதோன்னு இருக்கும், தொடை மரத்துப்போய் நடையே கோணும். ஒரு கிலோமீட்டர்ல சரியாகிடும்னு உடம்புக்குத் தெரிஞ்சுட்டா, ரேஸ் அன்னைக்குப் பயப்படாது.

மொத்தத்துல 12 வாரம் வெச்சுக்கோ. வாரத்துக்கு நீச்சல் மூணு, சைக்கிள் ரெண்டு, ஓட்டம் ரெண்டு, ஒரு நாள் முழு ஓய்வு. ரெண்டு வேலை ஒரே நாள்ல விழும், பரவாயில்ல. கடைசி ரெண்டு வாரம் பாதியாக் குறைச்சிடு. அப்ப கூடுதலா பண்ணி எதுவும் சேராது, களைப்புதான் சேரும். அக்னி நட்சத்திரத்துல வர்ற ரேஸுக்குப் பேர் கொடுக்காதே. மார்கழிக்கும் மாசிக்கும் நடுவுல பாரு.

ஷூவுக்குள்ள பவுடர், காலுல கொலுசு வேண்டாம்

தண்ணியிலேர்ந்து சைக்கிளுக்கும், சைக்கிள்லேர்ந்து ஓட்டத்துக்கும் மாறுற இடம் இருக்கே, டிரான்சிஷன், அங்கதான் புதுசா வர்றவங்க நிமிஷம் நிமிஷமா விடுவாங்க. வீட்டுத் திண்ணையிலயே பழகலாம். ஒரு பளிச்சு நிறத் துண்டை விரி. அதுல ஹெல்மெட்டைக் கவுத்து வெச்சு, வாரை ரெண்டு பக்கமும் விரிச்சுவிடு. ஷூவுல நாடாவுக்குப் பதிலா எலாஸ்டிக் கயிறு, உள்ள கொஞ்சம் பவுடர். சாக்ஸைப் பாதி சுருட்டி வெச்சா ஈரக் காலுல ஏறும். பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில், கால் மண்ணைக் கழுவ. ஒரு மண் துகள் போதும், 5 கிலோமீட்டர்ல கொப்புளமாகிடும்.

வரிசை மறக்கவே கூடாதது ஒண்ணு: முதல்ல ஹெல்மெட், வார் மாட்டு, அப்புறம்தான் சைக்கிளைத் தொடு. திரும்பி வந்து சைக்கிளை மாட்டினப்புறம்தான் வாரைக் கழட்டணும். இது தப்பினா அபராத நேரம் போடுவாங்க, சில இடத்துல வெளியேத்தியும் விடுவாங்க. உள்ள சைக்கிள் ஓட்டக் கூடாது, தள்ளிக்கிட்டு ஓடணும். தரையில கோடு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டித்தான் ஏறணும், வரும்போது கோட்டுக்கு முன்னாடியே இறங்கணும். நம்பர் அட்டையை பெல்ட்ல கோத்துக்கோ; சைக்கிள்ல முதுகுப் பக்கம், ஓட்டத்துல வயித்துப் பக்கம். காலையில போனதும் உன் சைக்கிள் எத்தனாவது வரிசைன்னு நடந்து பார்த்து வெச்சுக்கோ. பக்கத்துச் சிவப்பு சைக்கிளை அடையாளம் வைக்காதே, நீ வர்றதுக்குள்ள அது கிளம்பிப் போயிருக்கும்.

நம்ம பொண்ணுங்களுக்கு மட்டும் சில குறிப்பு. முந்தின நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதே, நீச்சல் தொப்பி வழுக்கிக்கிட்டே போகும். கொண்டை போட்டா ஹெல்மெட் தலையில உட்காராது. கழுத்துக்கிட்ட தாழ்வா ஒத்தப் பின்னல் போட்டு நுனியை உள்ள செருகு. கொலுசைக் கழட்டு, கணுக்கால்ல டைமிங் சிப் கட்டுவாங்க, ரெண்டும் உரசி ரத்தம் வரும். அக்குள், கழுத்து, உள் தொடை, சூட் தையல் படுற இடம் எல்லாம் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவு. மாதவிலக்கு தேதி ரேஸ் அன்னைக்கே விழுந்தா அதுக்காகப் பின்வாங்காதே. கப்போ டாம்பனோ ரெண்டு மாசம் முன்னாடியே பழகிப் பாரு, அன்னைக்குத்தான் முதல் தடவைன்னு வேண்டாம். தள்ளிப்போட மாத்திரை போடுற வேலையை டாக்டரைக் கேட்காம பண்ணாதே.

பழக ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பார்த்துடு. தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல பெண்களுக்கு ரத்தசோகைன்னு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. 12-க்குக் கீழ இருந்தா எவ்வளவு பழகினாலும் மூச்சு வாங்கும், நீ உன்னையே சோம்பேறின்னு திட்டிக்கிட்டு இருப்பே. நம்ம ஆத்துக்கு எதிர்க்கரையில திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டுல, வீரராஜேந்திர சோழன் காலத்துல, 11-ஆம் நூற்றாண்டுல, 15 படுக்கையோட ஆஸ்பத்திரி நடந்த கணக்கு இருக்கு. வைத்தியருக்கு என்ன சம்பளம், என்னென்ன மருந்து இருப்புன்னு வரிசையா வெட்டி வெச்சிருக்காங்க. அந்தப் பட்டியல்ல மண்டூர மாத்திரையும் ஒண்ணு. இரும்புக் கிட்டத்துல செய்ற சோகை மருந்து. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊர்ல கவனிச்ச வியாதி, நீ கவனிக்காம விடாதே. நெஞ்சு வலி, தலை சுத்தல், வீஸிங் எது இருந்தாலும் டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான் எல்லாம்.

சாப்பாட்டுக்கு டப்பா பவுடர் எதுவும் வேண்டாம். பழகுற நாள்ல கம்மங்கூழ், முட்டை, சுண்டல், வேர்க்கடலை. வேர்த்து ஊத்தினா உப்பு போட்ட நீர்மோர். ரேஸ் அன்னைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி மூணு இட்லி, ஒரு வாழைப்பழம். நெய் வழியுற பொங்கல் முடிச்சப்புறம். அன்னைக்குன்னு புதுசா எதையும் வாயில வைக்காதே, ஸ்டால்ல சும்மா கொடுக்கிற ஜெல்லும் சேர்த்துத்தான். சைக்கிள்ல ஓஆர்எஸ் கரைச்ச பாட்டில் ஒண்ணு போதும்.

இனி ஃபார்ம். கட்-ஆஃப் நேரத்தை முதல்ல படி. நீச்சலுக்கு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவுன்னு போட்டிக்குப் போட்டி மாறும். கட்டின பணம் திரும்ப வராது, அதனால குளத்துல 500 மீட்டர் நிக்காம வந்தப்புறம் கட்டு. சில இடத்துல இதுலயும் பாதி தூரம் இருக்குற பிரிவு உண்டு, நீச்சல் அதுக்குள்ள வரலைன்னா அதுல போ. டூயத்லான்னு நீச்சலே இல்லாத போட்டியும் இருக்கு, நடுவுல ஒண்ணு போயிட்டு வந்தா டிரான்சிஷன் கைவந்துடும். ரிலேன்னு மூணு பேர் பங்கு போட்டுக்கிற பிரிவுல உன்னை சைக்கிளுக்குக் கூப்பிடுவாங்க. போகாதே, அப்புறம் தண்ணியை மறந்துடுவே.

ஃபார்ம்ல அவசரத் தொடர்பு எண் கேட்டா அம்மா நம்பர் போடாதே, என் நம்பரைப் போடு. கண்ணாடி கழண்டு போச்சுன்னு அவங்க சொல்ல வந்தாக்கூட, அம்மா முழுசா கேட்குறதுக்குள்ள ஊரே கிளம்பி வந்துடும்.